கால்சியம் கணக்கை மொபைல் செயலியில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் வேண்டும்? செயலியில் இலக்காக எதை வைப்பது?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளொன்றுக்கு 1000 மி.கி. கர்ப்பிணிகளுக்கும் அதே அளவுதான். பாலூட்டும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 1200. பிள்ளைகளுக்கு 4 முதல் 6 வயது வரை 550, 7 முதல் 9 வரை 650, 10 முதல் 12 வரை 850. அதற்குமேல் 18 வயது வரை 1000, 1050 என்று போகும்.

இதற்கு முன்பு, 2010 பரிந்துரையில், பெரியவர்களுக்கு 600 மி.கி. என்றுதான் இருந்தது. பழைய கட்டுரைகளிலும் சில செயலிகளிலும் அந்த 600 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கச் செயலியாக இருந்தால் வேறொரு குழப்பம்: அங்கே உணவுப் பொட்டலங்களில் அச்சாகும் சதவீதம் 1300 மி.கி.யை 100 என்று வைத்துக் கணக்கிடப்படுவது. "10 சதவீதம்" என்றால் அங்கே 130 மி.கி. அதனால் செயலியை நிறுவியதும் முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய், இலக்கை நீங்களே மி.கி.யில் அடித்து வையுங்கள். சதவீதத்தைப் பார்க்காதீர்கள்.

இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தது. பிறகு எதற்கு இந்தக் கணக்கு?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது மிச்சமிருக்கும் துளி. இதயம் துடிப்பதற்கும் தசை சுருங்குவதற்கும் அந்தத் துளி வேண்டும் என்பதால், உடம்பு அதன் அளவை இம்மி பிசகாமல் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டில் வராவிட்டால், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் விடச் செய்யும். ஆகவே நாலைந்து வருடம் பாதி அளவே சாப்பிட்டு வந்தவருக்கும் பரிசோதனைச் சீட்டில் 9.2 என்று அழகாக வரலாம்.

சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு டெக்சா ஸ்கேன் என்று தனியாக ஒன்று உண்டு. இரத்தம், சாப்பாடு, எலும்பு மூன்றும் வேறு வேறு.

எந்தச் செயலி நல்லது?

கால்சியத்தை மி.கி.யில் காட்ட வேண்டும், நம் வீட்டு உணவை நாமே சேர்க்க விட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எதுவும் சரி. குரோனோமீட்டர் தாது, விட்டமின் எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டும், ஒவ்வொரு உணவின் தகவலும் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்பதையும் சொல்லும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். மைஃபிட்னஸ்பாலில் உணவுப் பட்டியல் மிகப் பெரியது, ஆனால் பயனர்களே சேர்த்த பதிவுகள் ஏராளம், அவற்றில் கால்சியம் கட்டம் காலியாகக் கிடக்கும். ஹெல்தி​ஃபைமீயில் இட்லி, உப்புமா போன்ற நம் பலகாரங்கள் நேரடியாகக் கிடைக்கும்.

எந்தச் செயலியும் வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளையின் இணையதளத்தில் கால்சியம் கணிப்பான் ஒன்று இருக்கிறது. பால், தயிர், கீரை என்று வாரத்துக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்று கேட்டு, சராசரி சொல்லிவிடும்.

செயலி காட்டும் எண்ணை நம்பலாமா?

கூட்டல் தப்பாது. எந்தப் பெயரைத் தட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் கவிழ்கிறது.

மோர் குடித்தேன் என்று "பட்டர்மில்க்" பதிவைத் தட்டினால் ஒரு கப்புக்கு சுமார் 280 மி.கி. ஏறும். அது அமெரிக்காவில் பாலைப் புளிக்க வைத்துக் கெட்டியாக விற்கும் பானம். நம் வீட்டு நீர்மோர் என்பது இரண்டு கரண்டித் தயிரில் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலக்கியது. ஒரு டம்ளருக்கு 50 கிராம் தயிர் விழுந்தால் 60 மி.கி. தேறும், அவ்வளவுதான். தினமும் இரண்டு டம்ளர் மோர் குடிப்பவருக்கு இந்த ஒரு பதிவிலேயே 400 மி.கி.க்கு மேல் இல்லாத கால்சியம் ஏறிவிடுகிறது.

கேழ்வரகில் இதற்கு நேர்மாறு. "மில்லட்" என்று மட்டும் தேடினால் அமெரிக்கப் பட்டியலின் சிறுதானியம் வரும்: 100 கிராமுக்கு 8 மி.கி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலில் கேழ்வரகுக்கு 364. கூழ் குடித்தவர் கணக்கில் ஒன்றுமே ஏறாது. "ஃபிங்கர் மில்லட்" அல்லது "ராகி" என்று தேடி, அதுவும் மாவா, வெந்த களியா என்று பார்த்துத் தட்ட வேண்டும். 100 கிராம் களியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

பாக்கெட் பாலில் இன்னொரு சிக்கல். நம் நாட்டு விதிகளின்படி உணவுப் பொட்டலத்தில் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் அச்சிட வேண்டும். கால்சியம் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. பொட்டலத்தைப் பார்த்து யாரோ செயலியில் ஏற்றிய பால் பதிவில் அதனால் கால்சியம் பூஜ்யமாக இருக்கும். பார்கோடை ஸ்கேன் செய்தால் இந்தப் பதிவுதான் முதலில் வந்து நிற்கும். ஒரு பால் பதிவில் கால்சியம் 100 மி.லி.க்கு 110க்கும் 130க்கும் இடையில் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

உங்கள் வீட்டில் கால்சியம் தரும் உணவு எட்டோ பத்தோதான் இருக்கும். அவற்றைச் சொந்த உணவாக, தமிழ்ப் பெயரிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்த்துவிடுங்கள். கீழே உள்ளவை 100 கிராமுக்கான அளவுகள், சமைக்காத நிலையில், 2017 பட்டியலை ஒட்டி முழு எண்ணாக்கியவை.

பசும்பால் 120. பனீர் 475. கேழ்வரகு மாவு 365. கொள்ளு 270. முளைக்கீரை வகை 330. முருங்கைக்கீரை 315. அகத்திக்கீரை 900. தோலோடு உள்ள வெள்ளை எள் 1280. பாதாம் 230. தயிருக்குப் பாலின் கணக்கையே வைத்துக்கொள்ளலாம், 120. புழுங்கலோ பச்சையோ, அரிசி 10ஐத் தாண்டாது.

இதைச் செய்துவிட்டால் பிறகு தேடலே வேண்டாம். செயலியின் பெரிய பட்டியலை மறந்துவிட்டு உங்கள் பத்துப் பெயர்களில் வேலை முடிந்துவிடும்.

நாங்கள் டம்ளரிலும் கரண்டியிலும்தான் அளப்போம். செயலி கப், கிராம் என்று கேட்கிறதே?

செயலியின் "கப்" 240 மி.லி. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் பெரும்பாலும் 150லிருந்து 200க்குள் இருக்கும், டபரா செட் டம்ளர் இன்னும் சின்னது. அளவு ஜாடி ஒன்றில் தண்ணீர் பிடித்து உங்கள் டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். தயிர்க் கரண்டியையும் ஒருமுறை எடை பார்த்துவிடுங்கள். காபி, டீயில் டம்ளர் அளவைப் பதியக்கூடாது, அதற்குள் போகும் பாலை மட்டும் பதிய வேண்டும். டிகாக்‌ஷனும் நுரையும் கணக்கில் வராது.

கீரைக்கு ஆய்ந்த இலையின் பச்சை எடை. கட்டு என்று எடுத்தால் தண்டும் வேரும் சேர்ந்துகொள்ளும். வெந்ததும் சுருங்கிப்போகும் என்பதால் தட்டில் பார்த்து மதிப்பிட முடியாது. ஆய்ந்தது 300 கிராம், நாலு பேர் சாப்பிட்டோம், என் பங்கு 75 என்று வகுத்துப் போடுவதே எளிது.

சாப்பிடும் எல்லாவற்றையும் பதிய வேண்டுமா?

கலோரிக்கு அப்படித்தான். கால்சியத்துக்கு வேண்டாம். சாதம், சாம்பார், பொரியல், எண்ணெய், பழம் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 முதல் 150 மி.கி. வரும் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டு, அந்தப் பத்து உணவை மட்டும் பதிந்தால் போதும். நாலு தட்டலில் முடிகிற வேலையைத்தான் மனிதர்கள் தொடர்ந்து செய்வார்கள்.

சென்னையிலோ மதுரையிலோ ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் காபி, ஒவ்வொன்றிலும் 100 மி.லி. பால்: 240. மதியம் ஒரு கிண்ணம் தயிர், 100 கிராம்: 120. காலை இட்லி, மதியம் சாதம் சாம்பார் முட்டைக்கோஸ் பொரியல், இரவு தோசை தேங்காய்ச் சட்னி: எல்லாம் சேர்த்து 130. மொத்தம் 490. வயிறு நிறையச் சாப்பிட்ட நாள், ஆனால் இலக்கில் பாதிகூட இல்லை.

இதே நாளில் இரவு தோசைக்குப் பதில் 60 கிராம் மாவில் கேழ்வரகு அடை வந்தால் கிட்டத்தட்ட 220 கூடும். படுக்கும் முன் 200 மி.லி. பால் என்றால் 240. இரண்டும் சேர்ந்தால் 950. பொரியலை ஒருநாள் விட்டு ஒருநாள் கீரையாக்கினால் சராசரி 1000ஐத் தாண்டிவிடும். செயலி உதவுவது இந்த இடத்தில்தான்: எந்த வேளையில் எதை மாற்றினால் எவ்வளவு ஏறும் என்பது சாப்பிடும் முன்பே தெரிந்துவிடுகிறது.

ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கால்சியம் அதிகமா, நீலத்திலா?

ஏறக்குறைய ஒன்றுதான். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கால்சியம் கொழுப்பில் இல்லை. அதே காரணத்தால் வெண்ணெயிலும் நெய்யிலும் கால்சியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன மருத்துவர் பாலை நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீரையில் 330 என்று காட்டுகிறது. அத்தனையும் உடம்பில் சேருமா?

சேராது. பாலில் உள்ளதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவே உறிஞ்சப்படுகிறது. 1000 மி.கி. என்ற பரிந்துரை இதையும் யோசித்து வைத்ததுதான், ஆகவே பாலுக்கு நீங்கள் எதையும் கழிக்க வேண்டாம். கீரையில் விஷயம் வேறு. பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்புக்குக் கிடைப்பது 5 சதவீதம் அளவே. முளைக்கீரை, தண்டுக்கீரை வகையிலும் ஆக்சலேட் கணிசமாக உண்டு. வேகவைத்த நீரை இறுத்தால் ஓரளவு ஆக்சலேட் போகும், கூடவே மற்ற சத்துகளும் போகும்.

முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகளில் ஆக்சலேட் குறைவு. சந்தையில் முள்ளங்கி வாங்கும்போது கடைக்காரர் கிள்ளி வீசும் அந்தத் தழை இந்தக் குடும்பம்தான். 100 கிராமில் 230 மி.கி.க்கு மேல் இருக்கிறது. கேட்டு வாங்கி வாருங்கள், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம்.

கேழ்வரகில் ஃபைட்டேட் என்ற பொருள் உறிஞ்சுதலைக் குறைக்கும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அது குறையும். முந்தின இரவே மாவைக் கரைத்துப் புளிக்க விட்டுக் காய்ச்சும் கூழுக்கு, அவசரத்துக்குச் செய்யும் ராகி பிஸ்கட்டைவிட மதிப்பு அதிகம். செயலிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் நான் சொல்வது: பால், தயிர், மீன் வழியாகப் பாதிக்கு மேல் வரட்டும், மீதியைக் கீரையும் கேழ்வரகும் நிரப்பட்டும்.

எள், கறிவேப்பிலை, பாதாம் இதிலெல்லாம் நிறைய இருக்கிறதாமே?

100 கிராமில் நிறைய இருக்கிறது. யார் 100 கிராம் கறிவேப்பிலை சாப்பிடுகிறார்கள்? தாளிப்பில் போடும் ஒரு கொத்து இரண்டு கிராம் இருந்தால் அதிகம், 13 மி.கி. கிடைக்கும், அதையும் பாதிப் பேர் இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள். பத்து பாதாமில் 30 மி.கி.க்குள்தான். எள் மட்டும் விதிவிலக்கு: எள்ளுருண்டையில் 10 கிராம் எள் இருந்தால் 120க்கு மேல். ஆனால் தோல் நீக்கிய வெள்ளை எள் என்று கடையில் விற்பதில் கால்சியம் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது தோலில்தான் இருக்கிறது. தோலோடு உள்ள எள்ளில் ஆக்சலேட்டும் உண்டு என்பதால் முழுக்க நம்பிவிடவும் வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப் எலும்புக்கு நல்லதாமே, எவ்வளவு பதியலாம்?

சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. எலும்பு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கால்சியம் பெரும்பாலும் எலும்பிலேயே தங்கிவிடும். பூஜ்யம் என்றே பதியுங்கள், சுவைக்காகக் குடியுங்கள். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிதான் உண்மையான எலும்பு உணவு. கருவாடாக இருந்தால் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கூடக்கூடச் சிறுநீரில் கால்சியம் வெளியேறும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் என்றால் கணக்கின் மறுபக்கம் கழிகிறது என்று அர்த்தம்.

மாத்திரையை எப்படிப் பதிவது? அட்டையில் 1250 என்றும் 500 என்றும் இருக்கிறது.

500ஐப் பதியுங்கள். 1250 மி.கி. என்பது கால்சியம் கார்பனேட் என்ற உப்பின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம். சிட்ரேட் என்றால் 21 சதவீதம். அட்டையில் சின்ன எழுத்தில் "எலிமெண்டல் கால்சியம்" என்று இருக்கும் எண்தான் செயலிக்கு வேண்டியது.

கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே நேரத்தில் 500க்கு மேல் போட்டால் உறிஞ்சும் விகிதம் குறையும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். செயலியின் நினைவூட்டலை இதற்குப் பயன்படுத்துங்கள், அதன் பயன்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. அரசு வழிகாட்டுதலின்படி கர்ப்பிணிகளுக்கு 14ஆவது வாரத்திலிருந்து, பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை, நாளுக்கு இரண்டு 500 மி.கி. மாத்திரைகள் உண்டு. கூடவே இரும்பு மாத்திரையும் தருவார்கள். ஒன்று காலை உணவோடு, ஒன்று இரவு உணவோடு, இரும்பு நடுவில் என்று மூன்று மணியோசைகள் வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

சாப்பாட்டிலேயே 900 வருகிறவர், யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையும் போட வேண்டியதில்லை. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து 2500ஐத் தாண்டவே கூடாது.

குடிக்கும் தண்ணீரில் உள்ளதையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கால்சியத்துக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 75 மி.கி., வேறு நீர் இல்லாத இடத்தில் 200 வரை. 75 உள்ள நீரை இரண்டு லிட்டர் குடித்தால் 150 ஆகிறது. ஆர்.ஓ. வடிகட்டி வழியாக வந்த நீரில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் எல்லா உப்புகளின் கூட்டு, அதை வைத்துக் கால்சியத்தைச் சொல்ல முடியாது.

வெற்றிலையில் சுண்ணாம்பு போடுகிறோம், அது கால்சியம்தானே?

கால்சியம்தான். ஆனால் அதற்காகப் பாக்கு போடாதீர்கள். பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும், புகையிலை இல்லாவிட்டாலும்.

சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. கால்சியத்தைக் குறைக்க வேண்டாமா?

கல்லின் பெயரிலேயே கால்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். 2002இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், கல் வந்த 120 ஆண்களை ஐந்து வருடம் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை இயல்பான அளவில் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே மறுபடி கல் வந்தது பாதியளவாக இருந்தது. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும் என்பதுதான் காரணம். மாத்திரையின் கதை வேறு, அதை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. சிறுநீரகம் செயலிழந்து சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் உள்ள எண்கள் எதையும் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கான அளவை மருத்துவர்தான் வகுக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிய வேண்டும்?

மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாள். தினப்படி எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், சராசரியைப் பாருங்கள். ஒருநாள் 600, மறுநாள் 1300 என்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குறைகிறது என்று தெரிந்தால் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒரு மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் பதியுங்கள். நடுவில் செயலியைத் திறக்கவே தேவையில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே எண் ஓடுகிறது, சாப்பிடவே மனம் வரவில்லை என்ற நிலை வந்தால் செயலியை நீக்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. போனில் இதெல்லாம் பழக்கமில்லை. அவருக்கு எப்படி?

உங்கள் போனில் நீங்களே வைக்கலாம். 1200 இலக்கோடு அவருக்கென்று தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். இரவு பேசும்போது "சாப்பிட்டியாம்மா" என்பதோடு நாலு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: இன்றைக்கு எத்தனை காபி, தயிர் போட்டுக்கொண்டாயா மோரா, கீரையோ கேழ்வரகோ உண்டா, மாத்திரை போட்டாயா. நிறைய வீடுகளில் அம்மாக்கள் எல்லோருக்கும் தயிர் பரிமாறிவிட்டு, மிச்சத்தில் தண்ணீர் விட்டுத் தாம் மோராகக் குடிப்பார்கள். தயிரா மோரா என்று பிரித்துக் கேட்பது அதனால்தான்.

விட்டமின் டி இல்லாமல் கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது, வெயிலில் கிடைப்பதைச் செயலி எண்ணாது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது அந்த மூன்று நாள் பதிவைப் படம் பிடித்துக்கொண்டு, அம்மா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு, தைராய்டு, வலிப்பு மாத்திரை ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விட்டமின் டி பரிசோதனை வேண்டுமா, டெக்சா ஸ்கேன் வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.